கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத்: முஸ்லிம் தொகுதியிலிருந்து பொதுத் தொகுதிக்கு



நமது காரைக்குடி சட்டமன்றத் தொகுதியில் 1952ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு வரை 16 பொதுத்தேர்தல்கள் நடந்தேறியுள்ளன. அவற்றுள் ஒன்றிலேனும் முஸ்லிம் ஒருவர் இத்தொகுதியிலிருந்து வெற்றிபெற்றுச் சட்டமன்றம் சென்றதில்லை. தேர்தல் அறிவிக்கப்படும் காலங்களில் ஜமாஅத்தின் இளைஞர்கள் இதனைக் குறிப்பிட்டு, நமக்கென்று ஒரு தொகுதி இருக்கலாகாதா என்று கேட்பது வழக்கம். அத்தகைய தொகுதிகள் இந்நாட்டில் ஒரு காலத்தில் இருந்தன என்பதையும், அவை எவ்வாறு வந்து எவ்வாறு போயின என்பதையும் அவர்களுள் அறிந்தவர் சிலரே. அத்தொகுதிகள் நிலைபெற வேண்டுமென இறுதிவரை வாதாடியவரும், அவ்வாதம் தோல்வியுற்ற பின்னர் இச்சமுதாயத்தைப் பொதுத் தொகுதிகளின் அரசியலுக்குப் பழக்கியவரும் ஒருவரே. அவர்தாம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்கள். அவருடைய எளிமையையும் நேர்மையையும் பற்றி மேடைகளில் நிரம்பப் பேசப்பட்டுவிட்டது. எனவே இக்கட்டுரையில் அவரது வாழ்வைத் தொகுதி, பிரதிநிதி, வாக்கு என்னும் இவற்றின் வழியாகவே காண விழைகின்றேன்.

இஸ்மாயில் ஸாஹிப் 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் மார்க்கக் கல்வியில் தேர்ந்தவர். அவர் இளமையிலேயே காலஞ்சென்றுவிட, மகனுக்கு அரபியும் மார்க்கமும் கற்பித்து வளர்க்கும் பொறுப்பு அன்னையார் மீது விழுந்தது. 1909ஆம் ஆண்டு, தமது 13ஆம் வயதில், பேட்டையில் முஸ்லிம் வாலிபர்களுக்கான சங்கமொன்றை அவர் தொடங்கினார்.

அதே 1909ஆம் ஆண்டில்தான் மிண்டோ மார்லி சீர்திருத்தம் எனப்படும் சட்டம் வந்தது. சட்டசபைகளுக்கு முஸ்லிம் உறுப்பினர்களை முஸ்லிம் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முறையை அச்சட்டம் இந்நாட்டில் புகுத்திற்று. சிறுவர் இஸ்மாயில் அதனை அப்போது அறிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் அவருடைய அரசியல் வாழ்வின் முற்பாதி முழுவதும் அச்சட்டம் வகுத்த எல்லைக்குள்ளேயே கழிந்தது.

திருநெல்வேலியில் பள்ளிக் கல்வியை முடித்தவர், திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். 1920ஆம் ஆண்டு, பட்டத் தேர்வை எழுதவிருந்த வேளையில், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறினார். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமையும் கைகோத்து நின்ற நாட்கள் அவை. பின்னர் சென்னையின் பெருந்தோல் வணிகரும் கொடைவள்ளலுமான ஜமால் முஹம்மது ஸாஹிபின் நிறுவனத்தில் சேர்ந்து வணிகம் பயின்றார். அக்குடும்பத்திலேயே 1923ஆம் ஆண்டு மணமும் புரிந்தார். வணிகர்களிடையே கணக்கில் பிசகாதவர் என்று பெயர் பெற்றார். அரசியலுக்கு வந்தபின்னும் அப்பெயர் அவரைவிட்டு நீங்கவில்லை.

இவ்விடத்தில் பழைய தேர்தல் முறையைச் சற்று விரித்துக் கூறுதல் அவசியமாகின்றது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 215 இடங்கள் இருந்தன. பொது இடங்கள் 146. அவற்றுள் 30 தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவை. முஸ்லிம்களுக்கு 28 இடங்களும், இந்தியக் கிறித்தவர்களுக்கு 8 இடங்களும் வகுக்கப்பட்டிருந்தன. பெண்களுக்குரிய 8 இடங்களில் ஒன்று முஸ்லிம் பெண்ணுக்குரியது. நிலக்கிழார்கள், தொழிலாளர்கள், வணிகர்கள், ஐரோப்பியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், பல்கலைக்கழகம் என ஒவ்வொரு தரப்பாருக்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. நம் வட்டாரத்தார் அறிந்து வியக்கத்தக்க செய்தியொன்றும் உண்டு. வணிகர்களுக்கான 6 இடங்களில் ஒன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்திற்கு உரியதாயிருந்தது. ஆகவே தமக்கெனத் தனித்த ஓர் இடம் பெற்றிருந்தவர்கள் முஸ்லிம்கள் மட்டுமே என எண்ணுவது பொருந்தாது. செட்டிநாட்டில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாழ்ந்த இரு சமூகத்தாருக்கும் அந்நிலை இருந்தது.

முஸ்லிம் தொகுதியில் முஸ்லிம்களே வேட்பாளர்கள். வாக்காளர் பட்டியலும் வேறு. முஸ்லிம்களன்றி மற்றவர் அங்கே வாக்களிக்க இயலாது. அவ்வாறே பொதுத் தொகுதியில் முஸ்லிமுக்கு வாக்கில்லை. இதன் விளைவுகள் இரண்டு. முஸ்லிம் உறுப்பினர் தம் சமுதாயத்தின் விருப்பத்திற்கு மாறாக நடந்தால் அடுத்த தேர்தலில் அவருக்கு வேறு புகலிடம் இல்லை. எனவே அவர் சமுதாயத்திற்குக் கட்டுப்பட்டவராயிருந்தார். மற்றொருபுறம், பொதுத் தொகுதியில் நின்ற வேட்பாளர் எவருக்கும் முஸ்லிம் தெருவுக்குள் கால் வைக்க வேண்டிய தேவை எழவில்லை. நமது வீதியில் சாக்கடை தேங்கினாலும், தண்ணீர் வராவிட்டாலும், அதனால் அவருக்கு ஒரு வாக்கும் குறையப்போவதில்லை. இம்முறையைப் போற்றுவோர் முன்னதை மட்டும் பேசுவர். தூற்றுவோர் பின்னதை மட்டும் பேசுவர்.

இன்னுமொன்று. அன்றைய வாக்குரிமை எல்லோருக்கும் உரியதன்று. சொத்தும், செலுத்திய வரியும், கல்வியும் அதற்குத் தகுதிகளாயிருந்தன. வயதுவந்தோரில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. பள்ளிவாசல் வாயிலில் அமர்ந்து பீடி சுற்றிய ஏழைக்கும், பாய் முடைந்து பிழைத்த விதவைக்கும் முஸ்லிம் தொகுதி என ஒன்று இருந்தும் அதில் வாக்கு இல்லை.

1945ஆம் ஆண்டு இஸ்மாயில் ஸாஹிப் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். மறு ஆண்டு நடைபெற்ற தேர்தலில் லீக் 28 இடங்களைப் பெற்றது. காங்கிரஸ் 163 இடங்களுடன் ஆட்சி அமைக்க, இஸ்மாயில் ஸாஹிப் எதிர்க்கட்சித் தலைவரானார். தங்குதூரி பிரகாசம், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், நமது பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா என மூன்று முதலமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். எதிர்வரிசையின் முதல் இருக்கையில் மட்டும் 1952 வரை ஒருவரே அமர்ந்திருந்தார்.

அவ்விருக்கை 1947 ஆகஸ்டுக்குப் பின்னர் எத்தகையதாயிற்று என்பதை இன்றைய தலைமுறை எண்ணிப் பார்த்தல் கடினம். நாடு பிரிந்துவிட்டது. எந்தக் கட்சியின் பெயரால் பிரிவினை கேட்கப்பட்டதோ, அதே பெயரைத் தாங்கிய கட்சியின் தலைவராக அவர் சென்னைச் சட்டமன்றத்தில் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. வடநாட்டில் லீகின் முன்னணியினர் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். எஞ்சியோரில் பலர் கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு எனக் கருதினர். 1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய அகில இந்திய முஸ்லிம் லீக் கவுன்சில், அமைப்பை இரு நாடுகளுக்குமாக இரண்டாகப் பிரித்து, இந்தியப் பகுதிக்கு அமைப்பாளராக இஸ்மாயில் ஸாஹிபை நியமித்தது. கராச்சி சென்றவர் அங்கேயே தங்கிவிடாமல் சென்னைக்குத் திரும்பினார். 1948 மார்ச் 10ஆம் நாள், இன்று ராஜாஜி மண்டபம் என அறியப்படும் கட்டடத்தில் இந்திய உறுப்பினர்களின் கூட்டத்தைக் கூட்டினார். கலைப்பதா, தொடர்வதா என்பதே அன்றைய வினா. தொடர்வது என்றும், முஸ்லிம்களின் சமய, கல்வி, பண்பாட்டு, பொருளாதார நலன்களில் முதன்மையாகக் கவனம் செலுத்துவது என்றும் முடிவாயிற்று. அம்முடிவு சரியா தவறா என்று அன்றே பலர் வாதிட்டனர். மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்களின் வழியைப் பின்பற்றிய முஸ்லிம்கள் அதனை ஏற்கவில்லை. அவர்களும் சமுதாயத்தின் நலம் நாடியவர்களே என்பதை இங்கே பதிவு செய்தல் நீதியாகும்.

அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசியவற்றுள் மூன்று பொருள்கள் முக்கியமானவை.

முதலாவது, 1948 நவம்பர் 23ஆம் நாள் விவாதிக்கப்பட்ட பொது உரிமையியல் சட்டம். எந்தச் சமூகத்தாரும் தமக்குரிய தனிச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் விதியைச் சேர்க்க வேண்டுமென அவர் திருத்தம் கொண்டுவந்தார். திருத்தம் ஏற்கப்படவில்லை. அப்பிரிவு அரசுக்கான வழிகாட்டு நெறிகளுள் ஒன்றாக இன்றும் 44ஆம் பிரிவாக உள்ளது.

இரண்டாவது, 1949 செப்டம்பரில் நடந்த மொழி விவாதம். தொன்மையே தகுதியெனில் இம்மண்ணில் பேசப்படும் மொழிகளுள் தமிழுக்கே அத்தகுதி உண்டு என்பதை அச்சபையில் அவர் எடுத்துரைத்தார். இச்செய்தி தமிழ்நாட்டு மேடைகளில் நன்கு அறியப்பட்டதாதலால் விரிக்கவில்லை.

மூன்றாவதுதான் நம் கட்டுரைக்குரியது. 1947 ஆகஸ்டிலேயே தனி வாக்காளர் தொகுதி முறை கைவிடப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக, கூட்டு வாக்காளர் முறையில் சிறுபான்மையினருக்கு 10 ஆண்டுகளுக்கு இட ஒதுக்கீடு அளிப்பதெனச் சர்தார் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழு அப்போது முடிவு செய்திருந்தது. 1949 மே மாதம் அவ்வொதுக்கீட்டையும் நீக்கிவிடலாம் என்று அதே குழு பரிந்துரைத்தது. மே 25, 26 ஆகிய நாட்களில் சபை இதனை விவாதித்தது. இஸ்மாயில் ஸாஹிப் எழுந்து, ஒதுக்கீடு நீடிக்க வேண்டும், அதுவும் தனி வாக்காளர் தொகுதியுடன் நீடிக்க வேண்டும் எனத் திருத்தம் முன்மொழிந்தார். முஸ்லிம்கள் விரும்பாத ஒரு முஸ்லிம் பிறருடைய வாக்குகளால் வென்று வந்தால் அவர் பெயரளவில் மட்டுமே பிரதிநிதியாயிருப்பார் என்பது அவரது வாதத்தின் சாரம். சபையின் மிகப் பெரும்பான்மை எதிரே இருந்தது. அது மட்டுமன்று, முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பலர் அவருக்கு உடன்படவில்லை. ஐக்கிய மாகாணத்தைச் சேர்ந்த பேகம் அய்ஜாஸ் ரசூல், ஒதுக்கீடு சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து என்றென்றைக்கும் பிரித்து வைத்து அவர்களுக்கே கேடாக முடியும் என வாதிட்டார். திருத்தம் தோற்றது. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் பழங்குடியினருக்கும் மட்டும் ஒதுக்கீடு நிலைத்தது.

அவர் கேட்டது கிடைத்திருந்தால் நமக்கு நன்மை விளைந்திருக்குமா? பிரிவினையின் இரத்தம் உலராத அந்நாட்களில் அக்கோரிக்கை ஏற்கப்படுவதற்கு வழியே இருக்கவில்லை. ஏற்கப்பட்டிருந்தாலும், காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பொது வேட்பாளர் நம் வாசலுக்கு வராத பழைய நிலையே தொடர்ந்திருக்கும் என்பது என் கருத்து. அதே வேளையில், அவர் சுட்டிய அச்சம் ஆதாரமற்றது என்றும் கூறுவதற்கில்லை. நம் மாவட்டத்திலேயே காண்போம். முஸ்லிம்கள் கணிசமாக வாழும் இளையான்குடியின் பெயரால் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுவரையறையில் அது நீக்கப்பட்டது. இளையான்குடி இப்போது மானாமதுரைத் தொகுதியில் உள்ளது. அது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதியாதலால் அவ்வூர் முஸ்லிம் ஒருவர் தம் ஊரிலேயே வேட்பாளராக இயலாது. முஸ்லிம்கள் செறிந்து வாழும் இடங்கள் இவ்வாறு ஒதுக்கீட்டுத் தொகுதிகளுக்குள் அமைவதை 2006ஆம் ஆண்டின் சச்சார் குழு அறிக்கையும் எடுத்துக்காட்டியது. தாழ்த்தப்பட்ட சகோதரர்களின் உரிமையைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லைக் கோட்டை எங்கே இழுப்பது என்பது எத்தனை வலிமையுடைய செயல் என்பதற்காகவே சொல்கின்றேன்.

1952ஆம் ஆண்டு முதல் பொதுத்தேர்தல் வந்தது. முஸ்லிம் தொகுதியும் இல்லை, நகரத்தார் சங்கத்தின் இடமும் இல்லை. ஆனால் 21 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் வாக்கு வந்தது. முன்னே நாம் கண்ட பீடி சுற்றுபவரும் பாய் முடையும் விதவையும் முதன்முறையாக வாக்குச்சாவடிக்குச் சென்றனர். 28 இடங்கள் போயின என்று வருந்துவோர் இந்த வரவையும் கணக்கில் எழுத வேண்டும்.

காரைக்குடி அத்தேர்தலில் காங்கிரஸின் சொக்கலிங்கம் செட்டியாரைத் தேர்ந்தெடுத்தது. 1957இல் செட்டிநாட்டரசர் குடும்பத்து மு. அ. முத்தையா செட்டியார் காங்கிரஸ் சார்பில் வென்றார். 1962இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் அவர்கள் சுதந்திராக் கட்சியின் நட்சத்திரச் சின்னத்தில் வென்றார். 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தை நிறுவிய அப்பெரியாரை ஊர் நன்கறியும். (கம்பனைக் கற்றுத் துறைபோகிய நீதியரசர் மு. மு. இஸ்மாயில் வேறொருவர், நம் கட்டுரைத் தலைவருடன் அவரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு என்பதால் குறிப்பிடுகின்றேன்.)

லீகிற்கு 1952 கடினமான ஆண்டு. சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் கிடைத்தவை 5 இடங்களே. அவையனைத்தும் அப்போது சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்த மலபார் மாவட்டத்தில் கிடைத்தவை. இன்றைய தமிழகப் பகுதியில் ஓரிடமும் இல்லை. மக்களவைக்கு மலப்புறத்திலிருந்து பி. போக்கர் ஸாஹிப் ஒருவர் சென்றார். இஸ்மாயில் ஸாஹிப் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளால் மாநிலங்களவைக்குத் தேர்வாகி 1952 முதல் 1958 வரை அங்கே பணியாற்றினார். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்து மலபார் கேரளத்தோடு சேர்ந்தபோது, லீகின் வலிமை முழுவதும் கேரளத்திலும் அதன் தலைவர் சென்னை குரோம்பேட்டையிலும் என்றாயிற்று.

1962ஆம் ஆண்டு அவர் மஞ்சேரி மக்களவைத் தொகுதியில் போட்டியிட்டார். இதுதான் அவர் வாழ்வில் நான் மிகவும் வியக்கும் பகுதி. மஞ்சேரி ஏறநாட்டின் நடுப்பகுதி. 1921ஆம் ஆண்டின் மாப்பிள்ளைக் கிளர்ச்சியும் அதனை ஒடுக்கிய கொடுமையும் நிகழ்ந்த மண். மக்களில் பலர் ஏழைக் குடியானவர்கள், தோட்டத் தொழிலாளர்கள். பேசும் மொழி மலையாளம். வேட்பாளரோ திருநெல்வேலித் தமிழர், தோல் வணிகத்திலிருந்து வந்தவர், உயர்ந்த தொப்பியும் நீண்ட அங்கியும் அணிந்த 65 வயது முதியவர். அவர் அத்தொகுதியில் தங்கியிருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றே அங்குள்ள முதியோர் கூறுவர். எனினும் 1962, 1967, 1971 என மூன்று தேர்தல்களிலும் அம்மக்கள் அவரையே அனுப்பினர்.

மஞ்சேரி பொதுத் தொகுதி. 1949இல் எந்தக் கூட்டு வாக்காளர் முறையை எதிர்த்து வாதாடினாரோ, அதே முறையில்தான் அவர் வென்றார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாய் வாழும் இடம் என்பது உண்மையே. ஆனாலும் இந்துக்களின் வாக்கும் அங்கே பட்டியலில் இருந்தது, அவர்களுடைய மனுக்களும் அவருக்கு வந்தன. 1949ஆம் ஆண்டின் வாதத்தை அவர் மறுத்துரைத்ததாக நான் எங்கும் படித்ததில்லை. தோற்ற வாதத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராய்ப் புலம்பவும் இல்லை. சட்டம் எதுவோ அதற்குட்பட்டு அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வணிகரிடம் காணப்படும் ஒரு குணம் இது. முடிந்த பேரத்தை மீண்டும் திறப்பதில்லை.

சீனப் போர் வந்தபோது தம் ஒரே மகனை இராணுவத்திற்கு அளிக்க முன்வந்தார் என்னும் செய்தி யாவரும் அறிந்தது. அவரைச் சந்தேகித்தவர்களின் வாயை அது அடைத்தது என்பர். ஒரு தலைவர் தம் நாட்டுப்பற்றை நிரூபிப்பதற்கு மகனையே முன்னிறுத்தும்படி நேர்ந்த அக்காலத்தை நினைக்கையில் எனக்குப் பெருமையைக் காட்டிலும் வருத்தமே மிகுகின்றது.

தமிழகத்தில் அவர் வகுத்த வழி வேறாயிருந்தது. இங்கே மஞ்சேரி போன்ற தொகுதி ஒன்றும் இல்லை. முஸ்லிம்கள் ஊருக்கு ஊர் சிறு சிறு தொகையினராய்ப் பரவி வாழ்பவர்கள். காரைக்குடியிலும் அப்படியே. தனித்து நின்றால் எங்கும் வெல்ல இயலாது. ஆனால் நூறு தொகுதிகளில் வெற்றி தோல்வியை நிர்ணயிக்கும் சில ஆயிரம் வாக்குகள் நம்மவருடையவை. இதனை உணர்ந்து அவர் கூட்டணி அரசியலில் இறங்கினார். 1967ஆம் ஆண்டு அறிஞர் அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகம், ராஜாஜியின் சுதந்திராக் கட்சி ஆகியவற்றுடன் லீக் ஓரணியில் நின்றது. 234 இடங்களில் கழகம் மட்டும் 137 இடங்களை வென்று, மார்ச் 6ஆம் நாள் அண்ணா முதலமைச்சரானார். லீக் சார்பில் 3 பேர் சட்டமன்றம் சென்றனர்.

காரைக்குடியில் அவ்வாண்டு அணியின் வேட்பாளர் சுதந்திராக் கட்சியின் எஸ்.பி. மெய்யப்பன். அவரே வென்றார். அணியில் லீகும் இருந்ததால் இங்குள்ள முஸ்லிம்களிடம் நட்சத்திரச் சின்னத்திற்கு வாக்குக் கேட்கப்பட்டது. இருபதாண்டுகளுக்கு முன்னர் இதே ஊரில் நகரத்தாருக்கு ஒரு தேர்தலும் முஸ்லிம்களுக்கு வேறொரு தேர்தலுமாய் இருந்ததை எண்ணிப் பார்த்தால், இம்மாற்றத்தின் அளவு விளங்கும். வேட்பாளர் நம் தெருவுக்கு வந்தாக வேண்டும், நம் முத்தவல்லியைக் கண்டு பேசியாக வேண்டும், கபரஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் வேண்டுமென்றால் கேட்டுக்கொண்டாக வேண்டும். கேட்டவை எல்லாம் நடந்தனவா என்பது வேறு பேச்சு.

இதன் குறையையும் மறைக்கலாகாது. கூட்டணியில் கிடைக்கும் இடங்கள் பெரிய கட்சி அளக்கும் படியளவாகவே அமைந்தன. அவர் மறைந்தபின் லீக் பிளவுபட்ட காலங்களில் அப்படியும் சுருங்கிற்று. தலைவரின் சொல்லுக்கு மதிப்பிருந்தவரை சிறிய கட்சியின் வாக்கு எடையுள்ளதாயிருந்தது. அவருக்கு அம்மதிப்பு எப்படி வந்ததென்றால், பேசியபடி வாக்குகளைச் சேர்ப்பித்தார், அதற்கு ஈடாகத் தமக்கென்று எதையும் கேட்கவில்லை. கழகம் ஆட்சியிலிருந்த ஆண்டுகளிலும் அவர் குரோம்பேட்டை வீட்டில் எளிய வாழ்வே வாழ்ந்தார்.

1971ஆம் ஆண்டின் மக்களவைத் தேர்தலில் பெரியகுளம் தொகுதியிலிருந்து லீகின் எஸ்.எம். முஹம்மது ஷெரீப் ஸாஹிப் வெற்றிபெற்றார். முஸ்லிம்கள் சிறு தொகையினராய் வாழும் ஒரு தமிழகத் தொகுதி லீக் வேட்பாளரை மக்களவைக்கு அனுப்பியது. மஞ்சேரியும் கோழிக்கோடும் மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தும் சேர அம்மக்களவையில் லீகின் உறுப்பினர் 4 பேராயினர். பெரியகுளத்து வெற்றியை நான் மஞ்சேரியைக் காட்டிலும் ஒரு படி மேலாகவே வைப்பேன். பிறருடைய வாக்குகளால் வரும் முஸ்லிம் தம் சமுதாயத்தின் பிரதிநிதியாக இரார் என்று 1949இல் அஞ்சியவர், 22 ஆண்டுகள் கழித்துத் தம் கட்சியின் வேட்பாளர் ஒருவரே பெரும்பாலும் பிறருடைய வாக்குகளால் வென்றும் சமுதாயத்தின் பிரதிநிதியாகவே விளங்கியதைக் கண்ணால் கண்டார்.

அதற்கு மறு ஆண்டு, 1972 ஏப்ரல் 5ஆம் நாள், சென்னையில் அவர் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். கட்சி வேறுபாடும் சமய வேறுபாடும் இன்றிப் பெருந்திரளான மக்கள் வந்து கூடினர். கடவுள் மறுப்பாளரான தந்தை பெரியாரும் தள்ளாத வயதில் வந்து இறுதி மரியாதை செலுத்தினார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அவருடைய கப்ரை ஒளிமிக்கதாக ஆக்குவானாக.

மஞ்சேரியில் அவருக்குப் பின் சி.எச். முஹம்மது கோயா இடைத்தேர்தலில் வந்தார். தொடர்ந்து இப்ராஹீம் சுலைமான் சேட், இ. அஹமது என லீகின் தலைவர்களே அங்கே வென்றுவந்தனர். 2004ஆம் ஆண்டு அவ்வரிசை அறுந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் டி.கே. ஹம்சா வென்றார். வென்றவரும் முஸ்லிமே. முஸ்லிம் வாக்காளர்கள் லீகைத் தவிர வேறொன்றையும் அறியார் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது வியப்பாயிருந்தது.

சென்னை அண்ணாசாலையில் உள்ள அரசு மகளிர் கல்லூரி அவர் பெயர் தாங்கியுள்ளது. 1991இல் தஞ்சையிலிருந்து பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டத்திற்கும் காயிதே மில்லத் பெயர் சூட்டப்பட்டது. 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த நமது சிவகங்கை மாவட்டமும் அந்நாளில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயரைக் கொண்டிருந்தது. 1997இல் மாவட்டங்களுக்கு இடப்பட்ட தலைவர்களின் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது இவ்விரு பெயர்களும் ஒரே ஆணையில் நீங்கின. மஞ்சேரி மக்களவைத் தொகுதியும் 2008ஆம் ஆண்டின் மறுவரையறையில் மறைந்தது. இளையான்குடித் தொகுதியின் பெயர் பட்டியலிலிருந்து அழிந்ததும் அம்மறுவரையறையிலேயே. 2009ஆம் ஆண்டுத் தேர்தலில் அப்பகுதி மக்கள் மலப்புறம் என்னும் பெயரில் வாக்களித்தனர். 1952இல் போக்கர் ஸாஹிப் வென்றதும் அதே பெயருடைய தொகுதியில்தான்.